செஞ்சிக் களஞ்சியமும் சுண்டை வற்றலும்

1693ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செஞ்சிக் கோட்டைக்கு வெளியே பசி தலைவிரித்தாடியது. முற்றுகை என்றால் உள்ளே இருப்பவன்தான் பட்டினி கிடக்க வேண்டும். இங்கே வளைத்தவன் வயிறு காய்ந்தது.

மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690இல் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். கோட்டைக்குள் சிவாஜியின் இளைய மகன் இராஜாராம் இருந்தார். 1692 முடிகிற நேரத்தில் மராத்தியத் தளபதிகள் சாந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வெளியிலிருந்து வந்து, மொகலாயப் பாளையத்துக்குத் தானியம் வரும் வழிகளை அறுத்தார்கள். சில வாரங்களில் சுல்பிகர் கான் பாளையத்தைக் கலைத்துக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார். பிறகு திரும்பி வந்தார், மறுபடி விலகினார், மறுபடி வந்தார். 1698இல்தான் கோட்டை விழுந்தது. எட்டாண்டு முற்றுகை என்று பாடப்புத்தகம் சொல்வது இப்படி விட்டு விட்டு நடந்த ஒன்று. வெளியிலிருந்து உள்ளே பொருள் போக வழிகள் இருந்தன என்பதும் உண்மை. ஆனாலும் மூன்று மலைகளை இணைக்கும் சுமார் 13 கிலோமீட்டர் மதிலுக்குள் இத்தனை காலம் ஒரு அரசவையும் படையும் குடிகளும் உயிர் வாழ்ந்ததற்கு, பீரங்கியைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இன்றும் அது அம்மலைகளில் ஒன்றான இராஜகிரியின் அடிவாரத்தில் நிற்கிறது.

கோட்டை பார்க்க வருகிறவர்கள் கல்யாண மகாலின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அருகிலேயே உள்ள நெற்களஞ்சியத்துக்குள் தலையை நீட்டி, வௌவால் நாற்றம் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்புவார்கள். தடித்த சுவர், வளைந்த கூரை, சன்னல் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. மூன்று மலைகளில் மற்றொன்றான கிருஷ்ணகிரியின் உச்சியிலும் களஞ்சியங்கள் உண்டு. அங்கே எண்ணெயும் நெய்யும் வைத்திருந்ததாகச் சொல்லப்படும் தொட்டிக் கிணறுகளும் உண்டு. 2025 சூலையில் மராத்தியர் காலக் கோட்டைகள் 12ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராட்டிரத்துக்கு வெளியே இருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி மட்டும்தான். அதன் பிறகு கூட்டம் கூடியிருக்கிறது. களஞ்சியத்தின் முன் நிற்கிறவர்கள் என்னவோ இன்னும் குறைவுதான்.

எனக்கு அந்தக் கட்டடம்தான் கோட்டையிலேயே புத்திசாலித்தனமானதாகப் படுகிறது. காரணம், செஞ்சியில் குளிர் கிடையாது.

ஐரோப்பாவில் தோட்டம் போடுகிறவருக்கு உணவைப் பாதுகாப்பதில் ஒரு வசதி உண்டு. இலையுதிர்காலத்தில் பறித்த ஆப்பிளையும் கேரட்டையும் உருளைக்கிழங்கையும் நிலவறையில் வைத்துவிட்டால், பயிர் வளரவிடாத அதே குளிர்காலம் பறித்ததைக் கெடாமலும் பார்த்துக்கொள்ளும். செஞ்சியில் மார்கழிப் பனியில்கூடத் தண்ணீர் உறையப்போவதில்லை. சித்திரையில் பாறைகள் இரவு பத்து மணிக்கும் சுடும். பூஞ்சைக்கும் பூச்சிக்கும் 30 பாகை செல்சியசைப் போலப் பிடித்த வெப்பம் வேறில்லை. இப்படிப்பட்ட ஊரில் ஒரு படைக்கு வேண்டிய நெல்லை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது எப்படி?

முதல் விடை, அரிசியாக வைக்காமல் நெல்லாக வைப்பது. உமி வெறும் குப்பை அல்ல. அதன் இரண்டு மூடிகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டதுபோல் பூட்டிக்கொள்கின்றன. பூட்டு சரியாக விழுந்த நெல்லுக்குள் அரிசி வண்டு எளிதில் முட்டை வைக்க முடியாது. அத்தோடு, அரிசியின் மேல் படிந்திருக்கும் தவிட்டில் எண்ணெய் உண்டு. அந்த எண்ணெயை உடைக்கும் நொதியும் அதே தவிட்டில் வேறு அடுக்கில் உண்டு. நெல்லாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. குத்திய கணத்தில் சந்தித்துவிடுகின்றன, சிக்கு வாடை தொடங்கிவிடுகிறது. வேண்டும்போது வேண்டிய அளவு குத்திக்கொள்வது என்ற பழைய வீட்டு வழக்கத்தின் பின்னால் இந்த வேதியியல் இருக்கிறது.

இரண்டாவது விடை நெல்லின் உயிரைப் பற்றியது. களஞ்சியத்தில் கிடப்பது சடப்பொருள் அல்ல. ஒவ்வொரு நெல்மணியும் மிக மெதுவாக மூச்சு விடுகிறது. தன் மாவுச்சத்தில் துளியளவை எரித்து, கரியமில வாயுவையும் நீரையும் வெப்பத்தையும் வெளியிடுகிறது. நெல்லின் ஈரம் 14 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இந்த மூச்சு கிட்டத்தட்ட உறக்கத்தில் விடுவது. 20ஐத் தொட்டால் நெல் விழித்துக்கொள்ளும். குவியலின் நடுவில் சூடு ஏறும், வெளிவந்த நீர் மேலும் ஈரமாக்கும், பூஞ்சை அதில் சேர்ந்து இன்னும் சூடாக்கும். அம்பாரத்துக்குள் கையை நுழைத்துச் சூடு பார்க்கும் விவசாயி பார்ப்பது இந்தச் சங்கிலி தொடங்கிவிட்டதா என்பதைத்தான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காட்டு ஈரத்துக்காக ஆண்டுதோறும் நடக்கும் வாக்குவாதமும் இதைப் பற்றியதே. செஞ்சி வட்டாரத்தில் சொர்ணவாரிப் பட்டத்து அறுவடை ஆவணி, புரட்டாசியில் மழை மேகத்தோடு வந்து விழும்போது, தார்ச்சாலையில் நெல்லைப் பரப்பிக் காலால் கிளறிக்கொண்டிருப்பவர்களைத் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டுகிறோம். அவர்கள் வேறு எங்கே போவார்கள்?

மூன்றாவது விடை அந்தத் தடித்த சுவர். சூடு மட்டுமே கெடுதல் செய்வதில்லை, சூட்டின் ஏற்ற இறக்கமும் செய்கிறது. மெல்லிய தகரக் கொட்டகையில் நெல்லைக் கொட்டினால், பகலில் ஓரத்து நெல் சூடாகிறது, நடுவில் உள்ளது குளிர்ந்தே இருக்கிறது. இரவில் இது தலைகீழ். இந்த வேற்றுமையால் குவியலுக்குள் காற்று மெல்லச் சுழல்கிறது. சூடான பகுதியில் நீராவியை வாங்கிக்கொண்டு, குளிர்ந்த பகுதியில் நீராகக் கொட்டிவிட்டுப் போகிறது. கூரையே ஒழுகாமல் நெல்லின் மேல்தட்டு மட்டும் நனைந்து முளைவிட்டிருப்பதைப் பார்த்து வியந்தவர்கள் உண்டு. அது காற்று சுமந்து வந்த நீர். தடித்த செங்கல், சுண்ணாம்புச் சுவர் பகல் சூட்டை உள்ளே விடுவதற்குள் இரவு வந்துவிடும். இரவின் குளிர்ச்சியை விடுவதற்குள் விடிந்துவிடும். உள்ளே நிலைமை கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. சூடாகவே இருந்தாலும் ஒரே சீராக இருந்தால் நெல்லுக்குப் போதும்.

இந்தப் பாடத்தைச் செஞ்சி மட்டும் படித்திருக்கவில்லை. திருவரங்கம் கோயிலில் உயர்ந்த வட்டக் களஞ்சியங்கள் வரிசையாக நிற்கின்றன. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் ஒன்று குவிந்த கூரையோடு நிற்கிறது. நெல்லைக் கொட்டவும் எடுக்கவும் அதில் வெவ்வேறு உயரங்களில் திறப்புகள் உண்டு. வீட்டளவில் குதிர், பத்தாயம், தொம்பை, வைக்கோல் பிரியால் சுற்றிக் கட்டிய நெல் கோட்டை என்று அளவுக்கேற்ற பெயர்கள். எல்லாவற்றுக்கும் கட்டளை ஒன்றுதான். காய்ந்ததைப் போடு, காற்றையும் ஈரத்தையும் தள்ளி வை.

நெல்லுக்கு இது சரி. கத்தரிக்காயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதை என்ன செய்வது?

இங்கே ஓர் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1953இல் ஆத்திரேலிய நுண்ணுயிரியலர் டபிள்யூ. ஜே. ஸ்காட் ஒரு விசயத்தைத் தெளிவாக நிறுவினார். ஒரு பொருளில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை வைத்து அது கெடுமா கெடாதா என்று சொல்ல முடியாது. அந்த நீரில் எவ்வளவு கட்டுப்படாமல் கிடக்கிறது என்பதே கணக்கு. உப்போ சர்க்கரையோ கரைந்திருந்தால் அவை நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, கிருமிக்குக் கிடைப்பது குறைகிறது. இதற்கு நீர்ச் செயல்பாடு என்று பெயர். தூய நீருக்கு அளவு 1. 0.9க்குக் கீழே பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருக முடியாது. 0.7க்குக் கீழே பெரும்பாலான பூஞ்சைகள் கை விட்டுவிடும். 0.6க்குக் கீழே எதுவும் வளராது. ஊறுகாய் ஈரமாக இருந்தும் ஏன் கெடுவதில்லை, ஈரம் குறைவாகத் தெரியும் ரொட்டி ஏன் மூன்றாம் நாள் பூத்துவிடுகிறது என்பதற்கெல்லாம் இந்த எண்ணில் விடை உண்டு.

இதைவிடச் சுவையான செய்தி, இந்த எண் வானிலை அறிக்கையில் வரும் காற்றின் ஈரப்பதத்தோடு நேராகப் பொருந்துகிறது என்பது. ஒரு வற்றலைத் திறந்து வைத்தால், காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காடாக இருக்கும்போது வற்றலின் நீர்ச் செயல்பாடு மெல்ல 0.85ஐ நோக்கிப் போகும். காற்று 40 விழுக்காடாக இருந்தால் 0.4ஐ நோக்கிப் போகும். ஐப்பசியில் திறந்த டப்பாவில் வைத்த அப்பளம் தளர்வதும், பங்குனியில் அதே அப்பளம் முறிவதும் இதனால்தான். ஆக, செஞ்சியில் உணவைக் கெடுக்கும் பருவம் கத்தரி வெயில் அல்ல. வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசியும் கார்த்திகையும்தான். 14 விழுக்காட்டில் காய வைத்த நெல்லே அந்தக் காற்றில் திறந்து கிடந்தால் 16, 17க்கு ஏறிவிடும். நம் ஊரில் தோட்டக்காரர் எதிர்பார்த்துச் சேமிக்க வேண்டிய கெட்ட காலம் அதுவே.

நல்ல காலம் மாசியில் தொடங்குகிறது. மழை ஓய்ந்து பனி விலகி, உட்பகுதியில் பகல் காற்றின் ஈரப்பதம் பாதிக்கும் கீழே இறங்கும். மொட்டை மாடிகளில் பழைய வேட்டிகள் விரிகின்றன. விழுப்புரம், கடலூர்ப் பக்கத்து வீடுகளுக்குத் தாளிப்பு வடகம் இல்லாமல் கோடை முடியாது. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள் எல்லாம் இடித்துக் கலந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி வெயிலில் வைப்பார்கள். மாலையில் எடுத்துப் பிசைந்து மறுபடி உருட்டி, மறுநாள் மறுபடி வெயிலில். இந்தப் பிசைதலைப் பலர் ருசிக்காக என்று நினைக்கிறார்கள். ருசிக்கும் ஆகும்தான். ஆனால் முக்கியமான வேலை வேறு. வெயிலில் வைத்த எந்தப் பொருளிலும் மேல்தோல் முதலில் காயும். தோல் இறுகிவிட்டால் உள்ளே இருக்கும் நீர் வெளியே வர வழி அடைபட்டுப்போகும். வெளியே கல்லாகவும் நடுவில் ஈரமாகவும் இருக்கும் உருண்டை, பெட்டிக்குள் போன பிறகு உள்ளிருந்து பூக்கும். பிசைந்தால் ஈரம் மீண்டும் சமமாகப் பரவுகிறது.

பிசைய முடியாத கொத்தவரைக்கும் வெண்டைக்கும் இரவு அதே வேலையைச் செய்கிறது. வற்றலை அந்தி சாய்வதற்குள் உள்ளே எடுத்து மூடி வைக்கச் சொல்வது பனியில் நனையாமல் இருக்க மட்டுமல்ல. மூடிய பாத்திரத்தில் இரவெல்லாம் நடுவில் இருக்கும் நீர் ஓரத்துக்கு நகர்கிறது. மறுநாள் வெயிலுக்கு எடுத்துக்கொடுக்க ஓரத்தில் நீர் தயாராக இருக்கிறது. நவீன நெல் உலர்த்தி ஆலைகளிலும் சூடான காற்றை விட்டுவிட்டு, இடையில் சில மணி நேரம் நெல்லைச் சும்மா விடுகிறார்கள். தொடர்ந்து சூடாக்கினால் நெல்லில் விரிசல் விழும், அரைக்கும்போது நொய்யாகும்.

சுண்டை வற்றலைப் பாருங்கள். காயைத் தட்டி வாய் பிளக்க வைப்பது நீர் வெளியேற வழி. சுண்டைத் தோல் மெழுகு பூசியது, தட்டாவிட்டால் வெயில் தோற்றுப்போகும். உப்புப் போட்ட புளித்த மோரில் ஊற வைப்பது இரண்டு காவல். உப்பு நீர்ச் செயல்பாட்டை முதல் நாளே இறக்குகிறது. மோரின் புளிப்பு, காய்ந்து முடியும்வரை உள்ள ஆபத்தான இரண்டு மூன்று நாளில் பாக்டீரியாவை அடக்குகிறது. பகலில் வெயில், இரவில் மறுபடி மோர் என்று மோர் தீரும்வரை செய்வது உப்பையும் புளிப்பையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செறிவாக்குகிறது. கொத்தவரையை வேகவைத்துக் காயப்போடுவதற்குக் காரணம் வேறு. காயின் நிறத்தையும் மணத்தையும் காய்ந்த பிறகும் தின்றுகொண்டிருக்கும் நொதிகளை வெந்நீர் கொன்றுவிடுகிறது. உப்பு, புளிப்பு, சூடு, வெயில் என்று தடைமேல் தடை வைத்துக் கிருமியைக் களைக்கச் செய்யும் முறை இன்று உணவுத் தொழில்நுட்பப் படிப்பில் தனிப் பாடம். மோர்மிளகாய் போட்ட பாட்டிகள் அந்தப் பாடத்தை நடத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தடைகளில் ஒன்றை, உதாரணமாக உப்பை, உடல்நலம் என்று சொல்லிப் பாதியாகக் குறைத்தால் மற்றதைக் கூட்ட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

காயவைக்காமலே இருக்கும் காய்கள் தனிக் கூட்டம். பொங்கலுக்கு வைக்கும் பலகறிக் குழம்பில் என்னென்ன விழுகின்றன? பரங்கி, பூசணி, சர்க்கரைவள்ளி, கருணை, சேம்பு, மொச்சை, அவரை. கீரை ஒன்றுகூட இல்லை. ஒன்று, பாதுகாப்பாக வைக்கத்தக்கவை. அல்லது தையில்தான் விளைபவை.

கல்யாணப் பூசணியின் மேல் வெள்ளையாகத் திருநீறு பூசியதுபோல் இருப்பது மெழுகு. பிஞ்சில் அது இல்லை, சுணைதான் இருக்கும். முற்ற முற்றச் சுணை உதிர்ந்து மெழுகு ஏறும். நீர் வெளியே போகாது, பூஞ்சை வித்து வந்து ஒட்டினாலும் கால் ஊன்ற ஈரம் கிடைக்காது. காயில் பெரும்பகுதி தண்ணீராக இருந்தும், உறியிலோ பரணிலோ அது மாதக்கணக்கில் கிடக்கும். வைக்கும்போது விரலால் தேய்த்து அழகு பார்க்கக் கூடாது. காம்போடு அறுக்க வேண்டும், காம்பு ஒடிந்த இடம் கிருமிக்கு வாசல். சர்க்கரைவள்ளி தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொள்ளும். தோண்டும்போது கீறல் பட்ட இடத்தில், 30 பாகை வெப்பமும் நல்ல ஈரக்காற்றும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் தக்கை போன்ற புதுத் தோல் வளர்ந்துவிடும். குளிர்நாடுகளில் இதற்காகவே அறையைச் சூடாக்குகிறார்கள். நமக்குச் செலவு இல்லை. வைத்திருக்க வைத்திருக்கக் கிழங்கின் மாவு கொஞ்சம் சர்க்கரையாகவும் மாறும்.

வெங்காயம் இவை எல்லாவற்றையும்விட வேடிக்கையானது. அதற்குச் சுழியப் பாகைக் குளிரும் பிடிக்கும், 25 முதல் 30 பாகை வெப்பமும் பிடிக்கும். இடையில் 10, 15 பாகையில் வைத்தால்தான் உறக்கம் கலைந்து முளைவிடும். பெரம்பலூரில் சின்ன வெங்காயத்தைத் தாளோடு காயவைத்துத் தரையிலிருந்து உயர்த்திக் காற்றோட்டமாகப் பட்டறை போடுகிறவர்கள் வெப்பத்தைக் கண்டு அஞ்சவில்லை. அவர்கள் அஞ்சுவது ஈரத்துக்கு மட்டும். வெப்பமே காவல் காக்கும் காய் ஒன்று இருக்கிறது என்பதைக் குளிர்பதனப் பெட்டி விற்கிறவர்கள் சொல்லமாட்டார்கள்.

அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 4, 5 பாகையில் வைத்த கத்தரிக்காயில் குழி விழுகிறது, விதை கறுக்கிறது. வெண்டை கறுப்புப் புள்ளி போடுகிறது. வாழைப்பழத்தோல் கரியாகிறது. சர்க்கரைவள்ளியின் நடு இறுகி, வெந்தாலும் வேகாமல் நிற்கிறது. வெப்ப நாட்டுச் செடிகளின் செல் சவ்வில் உள்ள கொழுப்பு, நம் ஊர்ச் சூட்டில் இளகி இருப்பதற்கேற்ப அமைந்தது. 10 பாகைக்குக் கீழே அது இறுகுகிறது, சவ்வு கசிகிறது, உள்ளே பிரித்து வைத்திருந்தவை கலந்துபோகின்றன. தக்காளியின் கதை இன்னும் நுட்பம். ஒரு வாரம் 5 பாகையில் இருந்த தக்காளி வெளியே எடுத்த பிறகும் மணத்தை மீட்பதில்லை என்றும், மணம் உண்டாக்கும் மரபணுக்கள் குளிரில் அணைந்துவிடுகின்றன என்றும் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். முட்டைக்கோசும் கேரட்டும் குளிர்ப்பெட்டியில் சுகமாக இருக்கும், அவை பிறந்த வீடு அது. கத்தரிக்கு ஈரச் சாக்கும் நிழலும் போதும். தில்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1980களில் மின்சாரம் இல்லாத குளிரறை ஒன்றை வடிவமைத்தது. இரட்டைச் செங்கல் சுவர், நடுவில் ஈரமணல், மேலே வைக்கோல் மூடி. ஆவியாகும் நீர் சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் வறண்ட கோடையில் உள்ளே 10 பாகைக்கு மேல் குறையும். ஐப்பசியில் இது வேலை செய்யாது. நிறைந்த காற்றில் நீர் எங்கே ஆவியாகும்?

ஐப்பசி மழையைத் தாண்டிக் காய்க்கத் தெரிந்தது அவரைப் பந்தல். ஆடியில் ஊன்றிய அவரை, ஆவணி புரட்டாசியெல்லாம் கொடியும் இலையுமாகப் பந்தலை மூடும். பூ மட்டும் வராது. உரம் போடலாம், நீர் விடலாம், வராது. நாள் சுருங்கத் தொடங்கிய பிறகு ஒரு கட்டத்தில் பந்தல் முழுதும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துத் தள்ளும். மார்கழி, தையில் காய். செடிகள் பகலின் நீளத்தை அறிகின்றன என்று அமெரிக்கர்களான கார்னரும் அல்லார்டும் புகையிலைச் செடியை வைத்து 1920இல் எழுதினார்கள். பின்னால் தெரிந்தது, செடி உண்மையில் அளப்பது இடையறாத இருட்டின் நீளத்தை. இதில் நம் பகுதிக்கென்று ஒரு வியப்பு உண்டு. இலண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் எட்டரை மணி நேரத்துக்கும் மேல் வேறுபாடு. செஞ்சியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒன்றரை மணி நேரம்கூட முழுதாக இல்லை. நாம் கவனிக்கவே கவனிக்காத அந்தச் சிறு வேறுபாட்டை ஒரு கொடி கணக்கெடுத்து, பெருமழை ஓயும் நேரத்துக்குப் பூவை வைக்கிறது. மழையில் பூ உதிராது, காய் அழுகாது. ஆண்டு முழுதும் காய்க்கும் குத்து அவரைகளை வேளாண் விஞ்ஞானிகள் இந்தக் கணக்கை மறக்கடித்து உருவாக்கினார்கள். வசதிதான். பந்தல் அவரைக்கு இருக்கும் மணம் அதில் இல்லை என்பது என் கட்சி.

முற்றிய மொச்சையையும் துவரையையும் அடுத்த பட்டம்வரை வைத்திருப்பதில் எதிரி ஈரம் மட்டுமல்ல, பயறு வண்டும்தான். வண்டு முழுப்பயறின் வழவழப்பான தோலில் முட்டையை ஒட்டுகிறது. புழு வெளியே வராமல் நேராகப் பயறுக்குள் துளைத்துப் போகிறது. துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டி வெயிலில் காயவைத்துச் சேமிக்கும் வழக்கம் இதற்குச் செய்த ஏற்பாடு. முட்டை ஒட்ட வழவழப்பான இடம் இல்லை. ஊர்ந்து வரும் வண்டின் உடலில் நீர் காக்கும் மெழுகுப் பூச்சை மண்துகள் உராய்ந்து எடுக்கிறது, வண்டு வறண்டு சாகிறது. சாம்பல் செய்வதும் இதையே. விளக்கெண்ணெய் தடவினால் முட்டை மூச்சுவிடும் வழி அடைபடுகிறது. உடைத்துப் பருப்பாக்கிவிட்டால் பயறு வண்டுக்கு அங்கே பெரும்பாலும் வாழ்வில்லை. மூடியை இறுக்கி மண்பூசி அடைத்த குதிரில் இன்னொன்றும் நடக்கிறது. உள்ளே இருக்கும் பூச்சிகளே உயிர்வளியை மூச்சில் தீர்த்துவிடுகின்றன. அது 3 விழுக்காட்டுக்குக் கீழே போனதும் அவையே மடிகின்றன. இன்று காற்றுப் புகாத பல அடுக்குப் பிளாஸ்டிக் பைகளை இதே தத்துவத்தில் விற்கிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, பழைய அறிவு கை கொடுக்காத ஓர் இடத்தையும் சொல்லியாக வேண்டும். அது செஞ்சியின் இன்றைய முதன்மைப் பயிர்களில் ஒன்றான மணிலாக்கொட்டை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்த வேர்க்கடலைக்கு விழுப்புரம் மாவட்டச் செம்மண் அவ்வளவு ஒத்துப்போயிற்று. பக்கத்துத் திண்டிவனத்தில் உள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. வகைகள் நாடெங்கும் போயின. ஆனால் இந்தக் கடலையின் ஆபத்து தெரிய வந்தது வேறிடத்தில். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்ததில் தீவனத்தில் கலந்த பிரேசில் நாட்டு வேர்க்கடலைப் பிண்ணாக்கு. அதில் வளர்ந்த ஆசுபெர்கில்லசு என்ற பூஞ்சை சுரந்த நஞ்சு, அஃப்ளடாக்சின். கல்லீரலைத் தாக்குவது, நாள்பட்டால் புற்றுநோய் தருவது. இதற்கு மணமில்லை, சுவையில்லை. பூஞ்சை கண்ணுக்குத் தெரியாத கடலையிலும் நஞ்சு இருக்கலாம். வறுத்தால் முழுதாகப் போகாது. ஆட்டும்போது பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கிவிடுகிறது என்றாலும், சுத்திகரிக்காத செக்கெண்ணெயில் கொஞ்சம் வந்துவிடும். செக்கெண்ணெய் எல்லாம் தூய்மை என்று நம்புகிறவர்கள் எந்தக் கடலையை ஆட்டினார்கள் என்று கேட்பது நல்லது.

தடுப்பு முழுவதும் பறித்த முதல் வாரத்தில்தான். பிடுங்கிய செடியைக் குவியலாகப் போடாமல் காய் மேலே தெரியும்படி கவிழ்த்துக் காயவிட வேண்டும். பருப்பின் ஈரம் 7, 8 விழுக்காட்டுக்கு இறங்க வேண்டும், நெல்லுக்குச் சொன்னதில் ஏறத்தாழ பாதி. எண்ணெய் மிகுந்த விதையில் நீருக்கு இடம் குறைவு, அதனால் 10 விழுக்காடே அதற்கு அதிக ஈரம். ஆய்ந்த காயைக் காதருகே குலுக்கினால் பருப்பு சலசலக்க வேண்டும். தோலோடு வைக்க வேண்டும். தோலுரிக்கும்போது எளிதாக உடைய வேண்டும் என்று முதல்நாள் தண்ணீர் தெளிப்பார்கள் பாருங்கள், அதுவரை பட்ட பாட்டை எல்லாம் அந்த ஒரு குடம் தண்ணீர் அழித்துவிடும். உடைத்த பிறகு சுருங்கியது, நிறம் மாறியது, முளைகட்டியது, மண்வெட்டியில் வெட்டுப்பட்டது ஆகியவற்றைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். நஞ்சின் பெரும்பங்கு இந்தச் சில கொட்டைகளில்தான் குவிந்திருக்கும். பொறுக்கியதை மாட்டுக்கும் போடக் கூடாது. தின்ற மாட்டின் பாலில் அது வேறு வடிவில் திரும்பி வரும்.